சாப்பாட்டு அறைச் சுவரில் பீடிங்: 4 மார்கழிக்குப் பிறகு

பள்ளத்தூரில் இருக்கும் நாத்தனார் போன வாரம் போனில் கேட்டாள்: "அண்ணமிண்டி, உங்க சாப்பாட்டு ரூம் சுவத்துல பட்டை ஒட்டியிருக்கீகளே, எங்க வீட்லயும் போடலாமா?" அன்றைக்குத்தான் ஆசாரி மூன்றாவது தடவையாக அந்தப் பட்டையின் மூலைப் பிளவை அடைத்துவிட்டுப் போயிருந்தார். கோபத்தில் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அவளுக்கு முழுக்கதையும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டின் இரண்டாங்கட்டில் (இரண்டாவது முற்றத்துப் பகுதியில்) சாமான் அறையாக இருந்ததைத்தான் சாப்பாட்டு அறையாக்கினோம். மாமியாருக்கு மூட்டுவலி வந்து தரையில் உட்கார முடியாமல் போனதும் மேசை, நாற்காலி வாங்கினோம். ஆறே மாதத்தில் நாற்காலி முதுகுகள் சுவரில் கோடு கிழித்துவிட்டன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் வழவழப்பில் லேசாகத் தள்ளினாலே நாற்காலி பின்னால் போய் மோதும். சுவரோ கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, அதற்குமேல் வழவழப்பான கல்லால் தேய்த்த மெருகு. அதில் விழுந்த கீறலைப் பழையபடி ஆக்கித்தர ஆள் கிடைப்பது லேசில்லை.

அதனால் பிவிசி பீடிங், அதாவது சுவரில் ஒட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. 3 அங்குல அகலம், 8 அடித் துண்டுகள். உயரத்தை மட்டும் சரியாகப் பிடித்தோம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிவைத்து, முதுகு படுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்தக் கோட்டிலேயே அறையைச் சுற்றி ஓட்டினோம். 4 வருடத்தில் ஒரு புதுக் கீறல் கிடையாது. சாம்பார் தெறித்தால் ஈரத்துணி போதும். கரையான் கவலையும் இல்லை. இதையெல்லாம் மறைத்தால் பாவம்.

ஆனால் அந்த மூலை! மார்கழி பிறந்தால் வாயைத் திறக்கிறது, சித்திரையில் மூடிக்கொள்கிறது. பிளாஸ்டிக் வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். 8 அடிப் பட்டைக்கு 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சுருங்கும்போது மூலை எப்படி மூடியிருக்கும்? போதாததற்கு எங்கள் மூலை நேர்மூலையும் இல்லை. 92 டிகிரி இருக்கிற இடத்தில், வந்த ஃபிட்டர் அளந்து பார்க்காமல் இரண்டு துண்டையும் 45-இல் வெட்டிவிட்டார். ஒரு துண்டைச் சுவர்வரை முட்டவிட்டு, அடுத்ததை அதன் முகத்து நெளிவுக்கு ஏற்பச் செதுக்கிச் சேர்த்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது என்று ஆசாரி இப்போது சொல்கிறார். தினம் மூன்று வேளை அந்த மூலைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மெருகேறிய சுவரில் பசை பிடிக்கவில்லை என்று அந்த ஃபிட்டர் உளியால் சுரண்டினார். அடுப்படியில் இருந்த என் காதில் சத்தம் விழுந்து ஓடி வருவதற்குள் ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டியாகிவிட்டது. நாற்காலி நூறு வருடம் மோதினாலும் அவ்வளவு காயம் ஆகியிருக்காது. இந்தத் தடவை மூலைத்துண்டைக் கழற்றியபோது உள்ளே சுவர் ஈரம் கோத்து உப்புப் பூத்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த ஈரத்தை வெளியே விட்டுத்தான் காயும். நாங்கள் அதன்மேல் பிளாஸ்டிக்கை ஒட்டி, ஓரமெல்லாம் சிலிக்கானும் அடைத்து வைத்திருக்கிறோம்.

சிமெண்ட் பூச்சு வீடாக இருந்தால் தாராளமாகப் போடலாம். மூலையை அளந்து வெட்டச் சொல்லுங்கள். முடிந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் தேக்கு கிடைக்கிறதா பாருங்கள், அதை இழைத்துப் போடலாம். மரம் நீளவாக்கில் வெயிலுக்கு அவ்வளவாக நீளாது.

நாத்தனார் வீடோ எங்கள் வீடு மாதிரியே சுண்ணாம்புச் சுவர். அவளுக்கு என் பதில் இப்போதும் வேண்டாம்தான். நாற்காலி முதுகில் இரண்டு துண்டு தோல் ஒட்டியிருந்தாலே எங்கள் சுவர் தப்பியிருக்கும். எங்கள் வீட்டுப் பட்டையை மட்டும் நான் கழற்றப் போவதில்லை. கழற்றினால் அந்த உளித் தழும்பை தினம் மூன்று வேளை பார்க்க வேண்டும்.