"கேஸ் தீர்ந்துடுச்சு மேடம்" என்று சொல்லி ஏசியைத் திறப்பவர்களிடம் உஷாராக இருங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். மே மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இது. கையை விட்டுப் போனது 4,850 ரூபாய். பணம் போனதுகூடப் போகட்டும், 71 வயது அம்மா இரண்டு நாள் மூச்சுவிடச் சிரமப்பட்டார். ஒரு சின்னப் பையனின் விரல்கள் என் கண்ணெதிரே உறைந்துபோயின. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா அறையில் இருப்பது ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, நான்கு வருஷம் பழசு. கத்திரி ஆரம்பித்ததும் குளிர் பத்தவில்லை. கம்பெனி சர்வீஸில் கேட்டால் ஐந்து நாளாகும் என்றார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, ராத்திரி தூக்கமே இல்லை. அவசரத்தில் போனில் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அழைத்துவிட்டேன். "ஆத்தரைஸ்டு சர்வீஸ்" என்று போட்டிருந்தது. எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டதற்கு "எல்லா பிராண்டும் பார்ப்போம் மேடம்" என்றார்கள். அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும். கூட வந்த பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பதுக்கு மேல் இருக்காது. ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கவில்லை, வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டியதும் பெரியவர் சொன்னார்: "கேஸ் தீர்ந்துடுச்சு மேடம். இருக்குற கொஞ்சமும் கெட்டுப்போச்சு. அதை வெளிய விட்டுட்டுப் புதுசா ஏத்தணும். ஒரு பாயின்ட் முப்பது ரூபா."

இந்தப் பேச்சில் ஒவ்வொரு வார்த்தையும் பொய் என்று எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஏசி கேஸ் சமையல் சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்டு, ஆவியாகி, திரும்பத் திரவமாகி, அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக் எங்கே என்று காட்டாமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. "பாயின்ட்" என்று அவர் சொன்னது கேஜில் தெரிகிற பிஎஸ்ஐ, அதாவது அழுத்தம். வெயில் ஏறினால் அதுவும் ஏறும், ஏசி ஓடினால் ஒன்று, நின்றால் வேறொன்று. அழுத்தத்துக்கு விலை போடுவது, வாழைத்தாரை எடை போடாமல் தொட்டுப் பார்த்து எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு ரூபாய் என்பது போல. கேஸை கிராம் கணக்கில் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் தகட்டில் கேஸின் பெயர் ஆர்-32 என்றும், அளவு 780 கிராம் என்றும் இருந்தது. நான்கு வருஷமாக நான் அதைப் படித்ததே இல்லை.

பெரியவர் வால்வைத் திறந்துவிட்டு, ஹோஸின் மறுமுனையைப் பையன் கையில் கொடுத்து, "வெளிய பார்த்துப் பிடிடா" என்றார். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, காலில் ரப்பர் செருப்பு. உஸ்ஸென்று வெள்ளைப் புகையாகப் பீறிட்டது. ஆர்-32 கொதிப்பது கழித்தல் 52 டிகிரியில். அது திரவமாகவே தோலில் பட்டால் அந்த இடம் உறைந்துவிடும். பையன் "அண்ணே" என்று கத்திக்கொண்டு கையை உதறினான். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மெழுகு மாதிரி வெளுத்துப்போயிருந்தன. "ஒண்ணும் ஆகாது, நல்லாத் தேய்" என்றார் பெரியவர். தேய்க்கவே கூடாது. சூடு காட்டவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் நான் கொண்டுவந்து கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்கு அவர் விடவில்லை. பையன் இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டுதான் போனான்.

அதே நேரத்தில் அடுப்படியில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்படி ஜன்னல் அந்த பால்கனியில்தான் திறக்கிறது. ஆர்-32 காற்றைவிடக் கனமானது, தாழ்ந்து பரவும். சமையல் கேஸ் போலச் சட்டென்று பற்றாது என்றாலும் பற்றக்கூடிய கேஸ்தான், மெதுவாகப் பற்றுகிற ஏ2எல் என்ற வகை. நெருப்பில் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். நுரையீரலை அரிக்கிற பொருள் அது. எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே ஓடியபோது மூக்கைக் குத்துகிற ஒரு நெடி இருந்தது, அம்மா இருமலை நிறுத்த முடியாமல் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதுதான். அன்று ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டியதாகிவிட்டது. கேஸைத் திறப்பதற்கு முன் "அடுப்பை அணையுங்க, ஜன்னலை மூடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொழில் தெரிந்த யாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

பிறகு ஏற்றினார்கள். நசுங்கிய ஒரு சிலிண்டர், மேலே பெயின்ட் சுரண்டியிருந்தது, பெயர் இல்லை. தராசு கிடையாது. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்யூம் பம்ப் கிடையாது. கேஜ் சன்ஷேடு மேல், என் பக்கம் திரும்பாமல். வெள்ளைத்தாளில் பில்: கேஸ் 120 பாயின்ட் 3,600, சர்வீஸ் 750, லீக் அடைப்பு 500. எந்த லீக், எங்கே அடைத்தார்கள்? ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கேஸின் பெயரும் இல்லை.

நாலு நாள் ஏதோ குளிர்ந்தது. மூன்றாவது வாரம் அவுட்டோர் உறுமிவிட்டு ட்ரிப் ஆக ஆரம்பித்தது. அந்த எண்ணுக்கு அழைத்தால் முதல் நாள் "வர்றோம்", மறுநாள் எடுக்கவில்லை, அதற்கடுத்து ஸ்விட்ச் ஆஃப்.

மாடி வீட்டு மாமி சொல்லி வேறொரு தம்பி வந்தார். ஐடிஐ முடித்து, கேஸை முறையாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருப்பவர். போனிலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, ஏற்கெனவே யாராவது கேஸ் ஏத்தினாங்களா? என்ன கேஸ்?" தெரியாது என்றதும், "எம்சிபியை இறக்கிடுங்க, நான் வர்ற வரைக்கும் போடாதீங்க" என்றார்.

அவர் கொண்டுவந்த சாமான்களைப் பார்த்ததுமே வித்தியாசம் தெரிந்தது. தராசு, நைட்ரஜன் சிலிண்டர், வாக்யூம் பம்ப், கேஸை உறிஞ்சி எடுக்கிற ரெக்கவரி மெஷின், காலி சிலிண்டர். என்ன கேஸ் என்று தெரியாததை எரியும் கேஸாகவே நினைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி, ஹோஸை நீளமாக இழுத்து மெஷினை மொட்டை மாடியில் வைத்தார். உள்ளே இருந்ததை ஒரு துளி வெளியே விடாமல் சிலிண்டரில் இறக்கினார். நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் கேஜைக் காட்டினார். அறை வெப்பம் 32 டிகிரி. "உள்ள திரவம் இருக்கு, குலுக்கினா சத்தம் கேக்குதா? இது ஆர்-32ன்னா இந்த வெக்கைக்கு முள்ளு 270, 280ல நிக்கணும்க்கா." முள் 165ஐத் தாண்டவில்லை. ஆர்-22ஆக இருக்கலாம், புரொப்பேன் போல ஏதாவது கலந்ததாகவும் இருக்கலாம், சோதிக்கிற கருவி வைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். ஆர்-32 இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

புரொப்பேன் ஏ3 வகை, எளிதில் தீப்பிடிப்பது. அதற்கென்றே வடிவமைத்த ஏசிகள் இருக்கின்றன, அளவும் குறைவாக, பாதுகாப்பு ஏற்பாடுகளோடு. அதற்காகச் செய்யாத மெஷினில் பெயர் சொல்லாமல் ஏற்றினால் அடுத்து வந்து கை வைக்கிற மெக்கானிக்குக்குக்கூட அது தெரியாது. குழாயை ஒட்டவைக்க நெருப்பு டார்ச்சைப் பற்றவைத்தால் அவர் கதி என்ன?

பிறகு லீக் பார்க்க நைட்ரஜனை 400 பிஎஸ்ஐக்கு ஏற்றி ஒரு மணி நேரம் விட்டார். முள் அசையவில்லை. லீக்கே இல்லை! முதலில் குளிராமல் போனதற்குக் காரணம் அவுட்டோரின் பின்பக்கம் இருந்தது. புறா இறகும் தூசியும் கம்பளி மாதிரி, சூட்டை வெளியே விடுகிற காயிலை மூடியிருந்தன. தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அதாவது, அந்த ஆள் காற்றில் திறந்துவிட்டது முழு அளவில் இருந்த, ஒரு குறையும் இல்லாத, எங்கள் கேஸ்.

இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்கும். அந்த வகையில் ஒரு கிலோ ஆர்-32 என்பது 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எங்கள் 780 கிராம் என்றால் அரை டன்னுக்கு மேல். பெட்ரோலில் கணக்குப் போட்டால் 225 லிட்டர் எரித்ததற்குச் சமம், என் ஸ்கூட்டரில் பத்தாயிரம் கிலோமீட்டர். மூன்று நிமிஷத்தில் எங்கள் பால்கனியிலிருந்து போனது அது. வேறு சில ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற கேஸ் இன்னும் மோசம், கிலோவுக்கு 2,088. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கிலோவுக்கு 1,810, அதில் குளோரின் இருப்பதால் ஓசோன் படலத்தையும் அரிக்கும். 1987இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது ஓசோனை அரிக்கிற இந்த மாதிரி கேஸ்களை ஒழிக்கத்தான். ஆர்-32, ஆர்-410ஏ வகையைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. இந்தியா 2021இல் அதை ஏற்றது, 2032இல் தொடங்கி 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். நாடே கணக்குப் போட்டுக் குறைக்கப் போகிற பொருளை ஒருவர் முப்பது ரூபாய் பாயின்ட்டுக்காகத் திறந்துவிடுகிறார்.

தம்பி வேலையை முடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வாக்யூம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டி, வெற்றிடத்தை அளக்கிற மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்திவிட்டு அது ஏறுகிறதா என்று காத்திருந்தார். குழாயில் காற்றோ ஈரமோ தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரைத் தின்றுவிடும். சீல் உடைக்காத, ஆர்-32 என்று எழுதிய சிலிண்டரைத் தராசில் கவிழ்த்து வைத்து, 780 கிராம் குறைந்ததும் என்னைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டிவிட்டு மூடினார். நான் கேட்டதால் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். லீக் பார்க்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றினால் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். வீடு மாற்ற ஏசியைக் கழற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்ததும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். ஓடும்போதே கழற்றினால் காற்றை உள்ளே இழுத்து அதுவும் வெடிக்கும். வீடு மாறும்போது நின்று பாருங்கள்.

தப்பான கேஸில் மூன்று வாரம் ஓடியதால் கம்ப்ரஸருக்கு ஆயுள் எவ்வளவு என்று அவரால் உறுதி தர முடியவில்லை. இறக்கிய கேஸ் சிலிண்டரில் "கலப்பு, ஏற்றக் கூடாது" என்று மார்க்கரில் எழுதி எடுத்துப்போனார்.

நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் வாசலிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: தராசு இருக்கா, வாக்யூம் பம்ப் இருக்கா, பழைய கேஸை எதில் இறக்குவீங்க? மூன்றாவது கேள்விக்கு "காத்துல விட்டுடலாம்" என்று பதில் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பில்லில் கேஸின் பெயரும் கிராமும் எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிண்டரைப் போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால் இப்போது கையில் அந்த வெள்ளைத்தாள் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். போன வாரம் தேடியபோது அதே வாசகம், அதே படம், வேறு பெயர், வேறு எண்ணில் இருந்தது.

வருகிறவர் கூட வலது கையில் இரண்டு விரல் தோலுரிந்த ஒரு பையன் இருந்தால், அவன் மேல் கோபப்படாதீர்கள். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. விரல் ஆறியதா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.