நூறு சுற்று வர வேண்டும், நூற்றிரண்டு வருகிறது

போன ஞாயிற்றுக்கிழமை காலை பினாங்கின் லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையில் நின்றபடி நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஜப்பான் பெல்ட் டிரைவ் ரெக்கார்டு பிளேயர், மரப்பெட்டி, மூடி உடையவில்லை. "உங்க வீட்டுல இருக்கிறதேதானே? 450 வெள்ளி சொல்றார். எடுக்கவா?" வெள்ளி என்றால் எங்கள் மலேசிய ரிங்கிட். அதே மாடல்தான். நான் 2017-இல் அதே சந்தையில் 280-க்கு எடுத்தேன். ஒரு வரியில் பதில் சொல்ல வராமல் "அப்புறம் சொல்கிறேன்" என்று போட்டுவிட்டேன். இதுதான் அந்த அப்புறம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் இதற்கு பெல்ட், அதாவது மோட்டாரிலிருந்து சுழல் தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பட்டை, மாற்றினேன். மாற்றிய நாளிலிருந்து கடுப்பில் இருக்கிறேன். அந்தக் கடுப்பைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வாங்கிய அன்று, 240 வோல்ட்டை ஜப்பானின் 100 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பொருத்தி, முதலில் போட்டது கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் எல்பி இசைத்தட்டு. டைகர் வரதாச்சாரியாரின் சீடர். கனத்த சாரீரம், கீழ்ச் சுருதி, அவசரமே தெரியாத காலப்பிரமாணம். ஆஹா, இதுவல்லவோ விச்ராந்தி என்று இரண்டு பக்கமும் கண்ணை மூடிக் கேட்டு முடித்தேன். அடுத்து பாடகி எம்.எல். வசந்தகுமாரியைப் போட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "யார் இந்தப் பாகவதர்?" என்றாள்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஜப்பானில் கிழக்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதாவது நொடிக்கு 50 அலை, மேற்கே ஒசாக்கா பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு ஊர் ஜெர்மனியிலிருந்தும் இன்னொரு ஊர் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் இறக்கியதன் பலன், இன்றுவரை தொடர்கிறது. நம் பினாங்கில் 50. என்னுடையது ஒசாக்கா பக்கத்துப் பிறவி போலிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. இந்த வகை ஏசி மோட்டாரோ ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் ஓடும். ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டியது 27.8 சுற்றியது. இருபது நிமிடப் பக்கம் இருபத்துநான்கு நிமிடம் ஓடும். ஐந்து கட்டை சுருதியில் பாடியது மூன்று கட்டைக்கு இறங்கி நிற்கும். எம்.டி.ஆர். ஒருவர்தான் இவ்வளவு அடியையும் தாங்கிக்கொண்டு எம்.டி.ஆராகவே ஒலித்தார்!

சரி, மோட்டார் தலையில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டும் சின்னச் சக்கரமான புல்லியைப் பெரிதாக்கினால் வேகம் கூடும். 50 ஹெர்ட்ஸ் புல்லி எங்கும் கிடைக்கவில்லை. லேத் பட்டறை அங்கிள் ஒருவர் "போலே, போலே" (முடியும், முடியும்) என்று பித்தளையில் கடைந்து கொடுத்தார். பழையதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிது. எம்.எல்.வி. மறுபடி பெண்ணானார். அன்று மாலை நான் இருந்த சந்தோஷத்தில் அங்கிளுக்குக் கேட்டதைவிட இருபது வெள்ளி கூடவே கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை ஒன்பது மணி வரை நீடித்தது. மனைவி வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறாள். ஒன்பது மணிக்கு எலக்ட்ரானிக் தம்பூரா போட்டாள். ஹாலில் என் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்த ஒரு நொடியில், "இது எந்தக் கட்டையிலும் இல்லையே," என்றாள்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுழல் தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, எல்பி ஓடும்போது மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியாக நூறு சுற்று வர வேண்டும். எனக்கு நூற்றிரண்டு வந்தது. கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை வைத்தும் பார்க்கலாம். 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு உள்ளதாக வாங்க வேண்டும், விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் இப்போதைய எல்.இ.டி. பல்புகள் பலவும் துடிப்பதே இல்லை, அவற்றின் கீழே அட்டை ஒன்றும் காட்டாது. பழைய டியூப் லைட்டைக் கழற்றி எறிந்ததற்கு வருத்தப்பட்ட ஒரே ஆள் எங்கள் தாமான் குடியிருப்பில் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டு சதவீதம்தானே என்பீர்கள். அரைக் கட்டை என்பது ஏறக்குறைய ஆறு சதவீதம். அப்படியானால் என் பிளேயர் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஏறிப் பாடுகிறது. தனியாகக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரெக்கார்டில் இருக்கும் தம்பூராவும் பாட்டோடு சேர்ந்துதானே ஏறுகிறது. இன்னொரு 'ஸ', அதாவது வேறொரு ஆதார சுருதி, பக்கத்தில் ஒலிக்கும்போதுதான் வினை. எங்கள் வீட்டில் அந்த இன்னொரு 'ஸ' காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ஒலிக்கிறது. பல்லிடுக்கில் சிக்கிய தேங்காய்த் துருவல் மாதிரி எட்டு வருடமாக இது என்னை அரிக்கிறது.

புல்லியைத் தேய்த்தால் ஆயிற்று என்று பலர் யோசனை சொன்னார்கள். பத்து மில்லிமீட்டர் புல்லியில் நான் எடுக்க வேண்டியது 0.2 மில்லிமீட்டர். அதையும் ஒரே சீராக எடுக்க வேண்டும். துளி கோணினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறி இறங்கும், பாடகர் போடாத கமகமெல்லாம் கேட்கும். மோட்டாரை ஓடவிட்டு உப்புத்தாளோடு ஒருநாள் குனிந்தேன். கை நடுங்கியது. எழுந்து போய் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூடியைப் போட்டுவிட்டேன். அங்கிளும் பட்டறையை மூடிவிட்டார்.

பிறகு காலம் ஒரு உதவி செய்தது. பெல்ட் வருடத்துக்கு வருடம் தளர்ந்து கொஞ்சம் வழுக்க ஆரம்பித்தது. 102 போய் 101 ஆனது. ஒரு கட்டத்தில் நூறே வந்தது! அந்த ஆறு மாதம் என் வாழ்க்கையில் சுருதி சுத்தமான காலம். லால்குடி ஜெயராமன், ந. ரமணி, ஆர். வெங்கட்ராமன் மூவரும் சேர்ந்த வயலின்-வேணு-வீணை ரெக்கார்டைத் தினமும் போட்டேன். பிறகு பெல்ட் அறுந்தது. புது பெல்ட் போட்டேன், நன்றாக இறுக்கிப் பிடித்தது. எண்ணிப் பார்த்தேன். நூற்றிரண்டு. என் கடுப்புக்கு இதுதான் காரணம்.

இவ்வளவு திட்டியாயிற்று, நியாயமும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது அதன் இடப்பக்கத்தை, கேட்க வைக்கும் விதம் போனில் வராது. அதில் கும்கி என்ற முனகல் ஒலியை இழுக்கும்போது மேசை மரமே முனகுவது போலிருக்கும். கல்கத்தா தம் தம் ஆலையில் அச்சான அந்தக் காலத்து எச்.எம்.வி. ரெக்கார்டுகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துக் கிடந்தாலும், கழுவித் துடைத்துப் போட்டால் உயிரோடு எழுந்து வருகின்றன. எட்டு வருடத்தில் ஊசி இரண்டு முறை, பெல்ட் ஒருமுறை. வேறு செலவே இல்லை. மோட்டார் சத்தம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர்தான் ரீங்காரம் போடும், அதைத் தள்ளி வைத்தால் போதும்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. மனைவி இந்தக் கோளாறையே பாடமாக்கிவிட்டாள். ரெக்கார்டைப் போட்டுவிட்டு, தம்பூராவின் நுண் சுருதிக் குமிழைப் பிள்ளையிடம் கொடுத்து, "அவங்க 'ஸ' எங்க இருக்குன்னு கண்டுபிடி," என்பாள். கட்டை எண் உதவாது, காதுதான் உதவும். பத்து வயதுப் பிள்ளைகள் குமிழைத் துளித்துளியாகத் திருப்பி, அதிர்வு அடங்கும் இடத்தில் கையை எடுக்கிறார்கள். கீபோர்டு பார்த்துச் சுருதி பழகிய பிள்ளைகளுக்கு இது முதலில் வரவில்லை, இப்போது என்னைவிட வேகம். அவளுக்கு இந்த பிளேயரைச் சரிசெய்வதில் அக்கறையே இல்லாமல் போய்விட்டது. அதுவும் எனக்குக் கடுப்புத்தான்.

தவிர, ரெக்கார்டே சரியான வேகத்தில் வெட்டப்பட்டதா என்று யார் கண்டது? நிமிடத்துக்கு 78 சுற்று என்ற அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் பல, பேருக்குத்தான் 78. யூடியூபில் ஒரே ரெக்கார்டை மூன்று பேர் ஏற்றினால் மூன்று சுருதி. நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை எந்தச் சுருதியில் வாசித்தார் என்று என் காகிதத் துண்டு சொல்லாது. இந்தச் சமாதானத்தை இரவில் சொல்லிக்கொண்டு தூங்குவேன். காலை ஒன்பது மணிக்கு அது செல்லாது.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். 450 வெள்ளியோடு டிரான்ஸ்ஃபார்மர், புல்லி, பெல்ட் எல்லாம் சேர்த்தால் பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் பிளேயர் ஒன்றைப் பழையதாகவே தேடிவிடலாம். அதற்கு 50, 60 கவலையே கிடையாது. இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் சுழல் தட்டைத் தூக்கிப் புல்லியைப் பாருங்கள். 50 என்று பொறித்திருந்தால் விலை பேசுங்கள். பொறித்திருந்தால் எனக்கும் உடனே சொல்லுங்கள், அந்தப் புல்லியை ஒருநாள் இரவல் வாங்கி அளந்துகொள்கிறேன். படத்தில் பிளேயருக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய எல்பி தெரிகிறது. அதில் எம்.டி.ஆர். இருந்தால் விலை கேட்காமல் எடுத்து வையுங்கள்.