‘இங்கிலீஷ் டபுள் பேரல்’ என்று சொல்லி விற்கிறார்கள், உஷார்

பழைய வெளிநாட்டு இரட்டைக்குழல் வாங்க லைசென்ஸோடு அலைகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். மலைப்பக்கத் தோட்டக்காரர் ஒருவர் தலையில் ஒரு டீலர் கட்டிய 12 போர் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்ததில் வெளிவந்த விவரம் இது. ஆள் யார், கடை எது என்பது வேண்டாம். இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள்.

சொல்லி விற்றது: இங்கிலீஷ் மேக், சைட்லாக் (சுடும் பொறி பக்கத் தகட்டிலேயே பொருத்தியிருக்கும் வகை), இப்போதைய தோட்டா எதுவும் தாங்கும். இரண்டு குழலையும் மேலே இணைக்கும் பட்டையான ரிப்பின் மேல் ஒரு பிரபல இங்கிலீஷ் கம்பெனியின் பெயரைப் போலவே ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பியே விலையில் பாதி போயிருக்கிறது. ரிப்பில் உள்ள பெயர் எதையும் நிரூபிக்காது. ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்’ என்று மயங்கட்டும் என்றே ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்த பெல்ஜியம் துப்பாக்கிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கடைகளில் மலிவாக விற்றன. பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகள் வெளிநாட்டு முத்திரைகளையே அடித்துத் தரும். கல்கத்தா மாண்டன், ராடா என்று இருந்தால் அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். செய்தது பர்மிங்ஹாமில் வேறு யாராவது.

குழலுக்கு அடியில் உள்ள ஃபோர்எண்ட் கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்துத் திருப்புங்கள். தோட்டா உட்காரும் சேம்பருக்கு அடியில் தட்டையாக இருக்கும் இடத்தில்தான் ப்ரூஃப் முத்திரைகள், அதாவது குழலைச் சுட்டுச் சோதித்ததற்கான முத்திரைகள் இருக்கும். 1904 விதிகளுக்குப் பிந்திய பர்மிங்ஹாம் துப்பாக்கியில் கிரீடத்தின் கீழ் ‘என்பி’ இருந்தால் நைட்ரோவுக்கு, அதாவது இப்போதைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. லண்டன் என்றால் வாள் பிடித்த கையும் ‘என்பி’யும். வெறும் ‘பிபி’ மட்டும் என்றால் கருமருந்துக்கு மட்டும். நம் தோட்டக்காரருடையதில் இருந்ததோ நீள்வட்டத்துக்குள் ‘ஈஎல்ஜி’, மேலே கிரீடம். பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை அது. கிரீடம் 1893இல் சேர்ந்தது. நைட்ரோவுக்கு அடிக்கும் சிங்கமும் ‘பிவி’யும் எங்கேயும் இல்லை. போதாக்குறைக்கு ஃபோர்எண்ட் கட்டைக்குள் மறைந்திருந்த பகுதியில் நீலச்சாயம் சரியாக ஏறாமல் டமாஸ்கஸ் (இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி ஒட்டிய பழைய குழல்) சுருள் வரி தெரிந்தது. வரியை மறைக்கத்தான் மேலே புதுச் சாயம்.

சைட்லாக்கும் பொய். நிஜ சைட்லாக் தகட்டில் உள்ளே இருக்கும் பாகங்களைத் தாங்கும் பின்களின் முனைகள் பல வெளியே தெரியும். இதில் அலங்காரத் தகட்டை இரண்டு திருகால் மாட்டியிருந்தார்கள். உள்ளே சாதாரண பாக்ஸ்லாக், பொறி நடுப்பெட்டிக்குள்ளேயே இருக்கும் வகை.

இதுவரை ஏமாற்று. இனி வருவது கையைப் பறிக்கிற சமாச்சாரம். லியேஜில் குழலின் உள்விட்டத்தை, சேம்பர்முனையிலிருந்து 22 செ.மீ. தள்ளி அளந்து மில்லிமீட்டரில் அடிப்பார்கள். இதில் அடித்திருந்தது 18.2. உள்விட்டம் அளக்கும் போர் கேஜில் வந்தது 18.6. துருக்குழிகளை மறைக்க உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கியதில் விட்டம் 0.4 மி.மீ. கூடியிருக்கிறது, அதாவது சுவரில் 0.2 மி.மீ. போய்விட்டது. முன்பாதியில் ஒரு இடத்தில் சுவர் 0.45 மி.மீ.தான் மிச்சம், 0.5க்குக் கீழே வந்தால் நாம் தொடுவதில்லை. ஆகவே கண்ணாடி மாதிரி மின்னும் பழைய குழலைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், கேஜைக் கேளுங்கள்.

சேம்பர் 65 மி.மீ. ‘70 தோட்டா போகிறதே, பாருங்கள்’ என்று போட்டுக் காட்டுவார்கள். போகத்தான் செய்யும். 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா மடிப்போடு 60க்குள் அடங்கிவிடும். சுடும்போது மடிப்பு சேம்பரைத் தாண்டிக் குறுகும் இடத்தில் விரிந்து வழியை அடைக்கும், அழுத்தம் எகிறும். கருமருந்துக் குழலில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இறுக்கத்தையும் இப்படித்தான் காட்டினார்கள். ஃபோர்எண்ட் மாட்டியிருக்கும்வரை ஆடாது. அதைக் கழற்றிவிட்டுக் கட்டையைப் பிடித்து ஆட்டினால் லொடலொடப்பு தெரியும். குழலின் அடியில், கீலில் பதியும் கொக்கியின் வளைவில் பஞ்ச் உளியால் அடித்த புள்ளிகள் இருந்தன. உலோகத்தைப் பிதுக்கித் தற்காலிகமாக இறுக்கும் வித்தை. கொஞ்ச நாள் சுட்டதும் பழைய கதைதான். ஒழுங்காகச் செய்வதென்றால் புதுக் கீல் பின் போட வேண்டும்.

குழலைக் கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் நல்லது. கரகரவென்றால் ரிப்பை ஒட்டிய ஈயம் விட்டிருக்கிறது. டம்மி தோட்டா போட்டு, சேஃப்டியில் வைத்து இரண்டு விசையையும் இழுத்துவிட்டு, பிறகு சேஃப்டியைத் தள்ளுங்கள். அப்போது சுத்தி விழுந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்தது, வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் லைசென்ஸில் பதியுமுன் செய்ய வேண்டும். பதிந்துவிட்டால் ‘திருப்பிக்கொள்’ என்று சொல்லிவிட்டு வர முடியாது. தோட்டக்காரரே அதைத் தனியாக விற்பதானால் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு இடத்தை இந்தச் சுடமுடியாத இரும்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. டீலருக்கும் இது தெரியும், அதனால்தான் பதிவுக்கு அத்தனை அவசரம். முன்பணத்தோடு நிறுத்தி, முத்திரை, சேம்பர் நீளம், உள்விட்டம், சுவர்த்தடிமன் நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.