70 வளைவுகளா, யானை இறங்கும் சாலையா: பெங்களூரிலிருந்து ஒருநாள் பைக் பயணத்துக்கு மூன்று வழிகள்

பெங்களூரில் பைக் வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மலைச்சாலை சொல்லுங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் எண்ணில்தான் பதில் வரும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70 என்று அடுக்கிவிட்டு, எது அதிகமோ அதுவே மேல் என்று முடித்துவிடுவார்கள். அல்சூரிலிருந்து இந்தச் சாலைகளுக்குப் பலமுறை போய்த் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விடிகாலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டியவனுக்கு அந்த எண் உதவாது. அவன் பார்க்க வேண்டியது, அன்றைக்கு ஓட்டப்போகும் மொத்தத் தூரத்தில் எவ்வளவு வளைந்து ஓடுகிறது, எவ்வளவு நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் கழிகிறது என்பதைத்தான்.

இந்த அளவுகோலைக் கொண்டு ஏலகிரி, கொல்லிமலை, அஞ்செட்டி வழியான ஒகேனக்கல் ஆகிய மூன்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நந்தி மலையைச் சேர்க்கவில்லை. நகரிலிருந்து 60 கிலோமீட்டரில் இருக்கும் அந்த மலைக்கு வார இறுதியில் போவதென்றால், சூரிய உதயம் பார்க்க வந்த கார்களின் வரிசையில் க்ளட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குத்தான் போக வேண்டும்.

முதலில் ஏலகிரி. ஓசூர், கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலை 44. அங்கே சென்னைச் சாலைக்குத் திரும்பி, பிறகு திருப்பத்தூர் பக்கம் பிரிந்து, வாணியம்பாடி–திருப்பத்தூர் சாலையில் உள்ள பொன்னேரியை அடைந்தால் மலையடிவாரம். போக 160 கிலோமீட்டர், வர 160. இதில் மலைச்சாலை என்று சொல்லத்தக்கது ஏற ஏறக்குறைய 15, இறங்க 15, ஆக 30 கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாலை அகலமானது, வளைவுகள் தாராளமானவை, உச்சி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றும் இதமாக இருக்கும். ஆனால் உடம்பு வளைவுக்குப் பழகி, வண்டியும் நாமும் ஒரு தாளத்துக்கு வரும் நேரத்தில் மலை முடிந்துவிடுகிறது. மேலே புங்கனூர் ஏரிக்கரையில் படகுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மண்சாலை வேண்டும் என்பவர்களுக்கு இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

இருந்தாலும் ஏலகிரியை நான் முற்றிலும் ஒதுக்கமாட்டேன், அதற்குக் காரணம் அதன் வளைவுகளின் பெயர்கள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரதியார் என்று புலவர்களுக்கும், பாரி, காரி, ஓரி முதலிய கடையெழு வள்ளல்களுக்கும் ஒவ்வொரு வளைவாக எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஹெல்மெட்டுக்குள் பேசும் கருவி வந்த பிறகு, முன்னால் போகிறவர் "காரியில் பேருந்து வருகிறது, பாரியிலேயே நில்லுங்கள்" என்று எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. புதிதாக ஓட்டக் கற்றவரை முதன்முறை மலைக்கு அழைத்துச் செல்வதற்கும், பின்னிருக்கையில் பழக்கமில்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போவதற்கும் இதைவிடப் பொருத்தமான சாலை நம் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

ஏலகிரியில் ஒரே ஒரு வளைவுக்குப் பெயர் கொடுத்த ஓரிக்கு, கொல்லிமலையில் 70 வளைவும் சொந்தம். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. மலைச்சாலை என்ற அளவில் மட்டும் ஒப்பிட்டால் மற்ற இரண்டும் அதன் அருகில்கூட வராது. இதை நான் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 26 கிலோமீட்டருக்கு, ஒரு வளைவு முடிந்து வண்டியை நிமிர்த்துவதற்குள் அடுத்த வளைவின் எண் பலகை தெரிந்துவிடும்.

இங்கே ஓட்டுவதில் உள்ள நுட்பத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் அகன்ற வட்டமாகக் கிடைக்கும், இரண்டாம் கியரிலேயே எடுத்துவிடலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளோ உள்விளிம்பில் ஏணிபோல் செங்குத்தாக எழும். அங்கே முதல் கியருக்கு முன்கூட்டியே இறங்காவிட்டால், வண்டி பாதி வளைவில் திணறி அணையும். அணைந்த வண்டியை ஊன்றிப் பிடிக்கக் காலை நீட்டினால், சரிவின் பக்கம் தரை காலுக்கு எட்டாது. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் 30-ஐத் தாண்டிய ஏதோ ஒரு வளைவில், நின்ற நிலையிலேயே வண்டியோடு மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தார். பேருந்துக்கு முழுச் சாலையும் தேவைப்படும் என்பதால், மேலேயோ கீழேயோ ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுவது நல்லது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி சொன்னாலும், பேருந்தோடு விதி பேசுவதில் பொருளில்லை.

இறங்கும்போது வேறு சோதனை. 70 வளைவுக்கும் பிரேக்கையே நம்பி இறங்கினால் டிஸ்க் சூடேறி, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறி, லீவர் விரலுக்குக் கீழே பஞ்சுபோல் அமுங்கத் தொடங்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய லாரிக்காரர் பாடம்தான் இன்றைக்கும் சரி. கரிந்த வாடை மூக்கில் ஏறினால் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

இத்தனை சொல்லிவிட்டும் ஒருநாள் பயணத்துக்குக் கொல்லிமலையை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் தூரம். சேலம், ராசிபுரம் வழியாகப் போக ஏறத்தாழ 270, வர 270. மலையேற்றம், இறக்கம், மேலே செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயில் வரை போய்வருவது எல்லாம் சேர்ந்து 80 கிலோமீட்டர் என்று வைத்தாலும், மீதி 460 நேர்ச்சாலை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ரைடிங் பூட்ஸோடு அதை ஏறிவந்தவன் திரும்ப வண்டி ஓட்டும் நிலையில் இருக்கமாட்டான், ஆகவே அதையும் விட்டுவிட்டு வர நேரிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளின் மிகக் களைத்த நேரத்தில், இருட்டில், சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயைக் கடக்க வேண்டியிருக்கிறது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் சரிவிறங்கி, பிரேக் பிடிக்காமல் போன லாரிகளால் பேர்போன இடம் அது. பெங்களூர் நோக்கி வரும் நமக்கு அது ஏற்றம்தான் என்றாலும், 14 மணி நேரம் விழித்திருந்த கண்ணோடு அங்கே லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வருவதை ஒருமுறை செய்தவர் மறுமுறை விரும்பமாட்டார். கொல்லிமலைக்குப் போவதென்றால் ஓர் இரவு மேலே தங்குங்கள். தங்க முடியாதென்றால் வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

மூன்றாவது வழி அஞ்செட்டி. ஓசூரில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்குவது. பெங்களூரிலிருந்து போக மட்டும் 130 கிலோமீட்டர். இதில் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் உள்ள 65 கிலோமீட்டரும் வளைந்தும் நெளிந்தும் ஏறியும் இறங்கியும் போகிற சாலை. பாதிக்குப் பாதி! எண்ணிப் பலகை வைக்குமளவுக்குப் பெரிய கொண்டை ஊசி வளைவுகள் இங்கே இல்லை. அதனால்தான் இந்தச் சாலை பேச்சில் அடிபடுவதில்லை என்று நினைக்கிறேன்.

மற்ற இரண்டோடும் இதற்குள்ள அடிப்படை வேறுபாடு, இது மலையேற்றமே இல்லை என்பது. பெங்களூரு ஏற்கெனவே 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பீடபூமியின் விளிம்பிலிருந்து காவிரி ஓடும் தாழ்நிலத்துக்கு நாம் இறங்குகிறோம். காலையில் தேன்கனிக்கோட்டையில் ஜாக்கெட்டின் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டவர், ஒகேனக்கல்லை நெருங்கும்போது அதைக் கழற்றிப் பின்னிருக்கையில் கட்டவேண்டியிருக்கும்.

மண்சாலை விரும்புகிறவர்களுக்கும் இதுவே இடம். தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் ஊருக்கு ஊர் செம்மண் வண்டித்தடங்கள் கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே ஓடுகின்றன. டயர் காற்றை 30 பிஎஸ்ஐ-யிலிருந்து 22 அளவுக்கு இறக்கி, இருக்கையிலிருந்து எழுந்து நின்று ஓட்டினால், தார்ச்சாலையில் கிடைக்காத ஓர் உணர்வு கிடைக்கும். எல்லை ஒன்று உண்டு: காடு தொடங்குமிடத்தில் இந்தச் சுதந்திரம் முடிகிறது. இப்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பொதுச்சாலையை விட்டு அனுமதியின்றிக் காட்டுத்தடத்தில் வண்டியை இறக்குவது குற்றம்.

நான் விழுந்ததும் இங்கேதான், அதுவும் மண்சாலையில் இல்லை, தார்ச்சாலையில். அறுவடைக் காலத்தில் இந்த வட்டாரத்து விவசாயிகள் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்களே போரடித்துக் கொடுத்துவிடும். ஒரு வளைவைத் திரும்பியதும் எதிரே சாலை முழுக்கக் கொள்ளு. ஹாண்டில் திரும்பியிருந்த நிலையில் பதற்றத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன். உருண்டோடும் காய்ந்த கொள்ளின் மேல் முன்சக்கரம், எண்ணெயில் வைத்ததுபோல், சத்தமில்லாமல் வெளிப்பக்கம் வழுக்கிப் போனது. 20 கிலோமீட்டர் வேகம்தான் என்பதால் க்ளட்ச் லீவர் வளைந்ததோடும் முழங்கை சிராய்ந்ததோடும் போயிற்று. தாள் புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து, என்னைத் தூக்குவதற்கு முன், "நேரா வந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது தம்பி, ஏன் பிடிச்சீங்க?" என்று கேட்டார். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இதையேதான் சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்த ஆபத்து யானை. பன்னேர்கட்டா, ஜவளகிரிக் காடுகளிலிருந்து கேழ்வரகு விளையும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் நகர்கின்றன. அஞ்செட்டியில் டீக்கடையில் விசாரிக்காமல் மேற்கொண்டு போவதில்லை என்பது எங்கள் குழுவின் விதி. சாலையில் கிடக்கும் சாணம் காய்ந்திருந்தால் மெதுவாகப் போகலாம். ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தால் பின்னால் வரும் பேருந்துக்குக் காத்திருந்து அதன் பின்னே போவோம். ஒருமுறை அப்படி 40 நிமிடம் காத்திருந்தோம். யானை வரவில்லை, அதற்காக யாரும் வருந்தவுமில்லை.

எந்த வண்டிக்கு எந்தச் சாலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது எக்ஸ்பல்ஸ் 200. எடை 160 கிலோவுக்குள், முன்சக்கரம் 21 அங்குலம். நண்பருடையது பழைய 411 சிசி ஹிமாலயன். அதே 21 அங்குலச் சக்கரம், ஆனால் எடை 199 கிலோ. கொல்லிமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் அவர் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவார், நான் என்ஜினை முறுக்கிக்கொண்டே இருப்பேன். செம்மண் தடத்தில் அந்த 40 கிலோ வித்தியாசம் திரும்பி நின்று எனக்குச் சாதகமாகிவிடும். விழுந்தால் தனியாளாகத் தூக்க முடிகிற வண்டி எது என்பதே அங்கே முதல் கேள்வி. இரண்டிலும் ட்யூப் டயர்தான், ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் அஞ்செட்டிப் பக்கம் போக வேண்டாம். மற்றபடி ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் உங்களிடம் உள்ள எந்த வண்டியும் போதும், மலையூர்க்காரர்கள் நூறு சிசி வண்டியில் மூட்டையோடு நம்மை முந்திக்கொண்டுதான் போகிறார்கள்.

நாள் தேர்வில் ஒரு குறிப்பு: ஆடிப் பதினெட்டை ஒட்டி இரண்டு இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். கொல்லிமலையில் அப்போது வல்வில் ஓரி விழா, ஒகேனக்கல்லில் காவிரிக்கு வரும் கூட்டம். மழைக்காலத்தில் ஒகேனக்கல் புறப்படும் முன் பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்று செய்தியில் பார்த்துவிடுவது நல்லது. வரத்து ஏறினால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள், அப்போது வறுத்த மீன் மட்டுமே மிஞ்சும். அதுவே போதும் என்பது என் கருத்து, வண்டி ஓட்டப் போனவனுக்குப் பரிசல் எதற்கு?

ஆகவே அடுத்த ஞாயிறு ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், என் தேர்வு அஞ்செட்டி. காலை 5 மணிக்கு அல்சூரை விட்டால் 7 மணிக்குத் தேன்கனிக்கோட்டையில் இட்லி, வெயில் ஏறிய பிறகு காடு, நண்பகலுக்குள் ஆற்றங்கரை. மூன்று மணிக்குள் கிளம்ப முடிந்தால் வந்த வழியே திரும்பலாம், வளைவுகள் மறுபடியும் கிடைக்கும். அதைத் தாண்டிவிட்டால் அந்தி நேரத்தில் யானைக் காட்டுக்குள் இருக்க நேரும் என்பதால், பென்னாகரம், தருமபுரி வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, 180 கிலோமீட்டர் லாரிகளுக்குப் பின்னால் வந்து சேர வேண்டியதுதான். போன தடவை மீன் வறுபட நேரமாகிவிட்டது, நாங்கள் தருமபுரி வழியாகத்தான் வந்தோம்.