குச்சி ஐஸ் அச்சு: மாம்பழத்துக்குச் சரி, மூடிதான் மோசம்

சித்திரை வெயில் தாங்காமல் ஆன்லைனில் 349 ரூபாய்க்கு ஆறு குழி சிலிகான் அச்சு ஒன்று வாங்கினேன். முதல் நாள் தர்பூசணிச் சாற்றை அப்படியே ஊற்றி வைத்தேன், மறுநாள் வந்தது ஐஸ் இல்லை, கல்! அச்சைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பழத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே.

அப்புறம் நன்றாகக் கனிந்த பங்கனப்பள்ளி இரண்டு, அரை கப் கெட்டித் தயிர், நாலு சொட்டு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மிக்ஸியில் அடித்து ஊற்றினேன். சர்க்கரை தனியாகப் போடவே இல்லை, பழத்தில் இருக்கிற இனிப்பும் சதையும் ஐஸை இறுக விடாததால் கடித்தால் மெத்தென்று இருந்தது. உறையும்போது கலவை உப்பும், அதனால் குழியை முழுக்க நிரப்பாமல் ஒரு விரல்கடை விட்டு ஊற்றுங்கள்.

அச்சு நன்றாகத்தான் இருக்கிறது, பச்சைத் தண்ணீரில் பத்து விநாடி முக்கினால் உடையாமல் கழன்று வருகிறது. மூடிதான் மகா மட்டம். சரியாக உட்காராததால் குச்சி சாய்ந்துவிடுகிறது, போதாததற்கு ஃப்ரீசர் வாடை வேறு உள்ளே போகிறது. "அம்மா, இது வஞ்சிரம் ஐஸா?" என்று கேட்டுவிட்டு மகள் குச்சியை என்னிடமே நீட்டினாள். சிலிகானில் ஏறிய வாடை சோப்புக்கு அசையவில்லை, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறிய பிறகுதான் போனது. இப்போது மூடிக்குப் பதில் அலுமினியத் தாளைச் சுற்றி, அதில் குச்சியைக் குத்தி வைக்கிறேன்.