பீல் தோட்டம், ஈஸ்ட் லேன்சிங்: பலகையைப் படிக்கும் முன் செடியைப் பாருங்கள்

மிச்சிகன் பக்கம் வருகிறவர்கள் ஈஸ்ட் லேன்சிங்கில் மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குள் இருக்கும் பீல் தாவரவியல் தோட்டத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். நூலகத்துக்குப் பக்கத்தில், ரெட் சீடர் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கலர் கலராகப் பூப்படுக்கைதான் வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள், இது ஒரு வாத்தியார் பாடம் நடத்துவதற்காகப் போட்ட தோட்டம்.

அவர் வில்லியம் ஜேம்ஸ் பீல். 1870 முதல் 1910 வரை இதே கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் படிப்பு என்றிருந்த காலத்தில், மாணவன் கையில் ஒரு செடியைக் கொடுத்து, நீயே பார்த்து எழுது, வரை, புத்தகம் அப்புறம் என்றவர். ஹார்வர்டில் லூயி அகாசி என்ற இயற்கை அறிஞரிடம் படித்தபோது கிடைத்த பழக்கம் அது. 1873இல் புல், குளோவர் (ஒரு தீவனச் செடி) என்று 140 வகை விதைத்ததுதான் இந்தத் தோட்டத்தின் ஆரம்பம்.

அந்தப் பாடத்தை இன்றைக்கும் இங்கே படிக்கலாம். ஒரே குடும்பத்துச் செடிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. புதினா குடும்பத்துப் பாத்தியில் பெயர்ப்பலகையைப் படிக்காமல் தண்டை மட்டும் பாருங்கள்: உருண்டையாக இல்லாமல் நான்கு மூலையோடு இருக்கும், இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது வடக்கு தெற்கு. நம் வீட்டுத் துளசியும் அப்படித்தான். இதை ஒரு தடவை கண்ணால் பிடித்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது, பீல் சொன்னதன் நியாயம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

பீல் என்றாலே விதைப் புட்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். களை விதை மண்ணுக்குள் எத்தனை வருஷம் உயிரோடு கிடக்கும் என்று விவசாயிக்குச் சொல்வதற்காக, 1879இல் 21 வகைச் செடிகளின் விதைகளை எடுத்து, ஒவ்வொரு புட்டியிலும் வகைக்கு 50 என்று ஈர மணலோடு கலந்து, 20 புட்டிகளில் போட்டுப் புதைத்தார். தண்ணீர் தேங்காமலிருக்க வாயைக் கீழே சாய்த்து வைத்தார். 2021இல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள், வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் அப்போதும் முளைத்தன! அடுத்த புட்டி 2040இல். எங்கே புதைத்தார் என்பது ரகசியம், தோட்டத்தில் தேடாதீர்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு ஐந்து. மே முதல் செப்டம்பருக்குள் வாருங்கள், பனிக்காலத்தில் பாத்திகள் காலியாகத்தான் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள்.