தமிழ்ப் பெடியன் என்று நம்பி 480 பவுண்ஸ் விட்டேன்: பொயிலர் திருத்த ஆள் கூப்பிடுகிறவர்கள் வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம்தான் உண்மை தெரிய வந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை. அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், பிழைகள் இருந்தால் மன்னியுங்கோ. ஆளின் பெயரும் அந்த அப்பின் பெயரும் போடவில்லை, என் கணவர் வேண்டாம் என்கிறார். வீட்டில் திருத்த வேலை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்துத் தருகிற போன் அப்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் இருப்பது லண்டனில், ஹரோப் பக்கம். இரண்டு கிழமைக்கு முந்தி ஒரு ஞாயிறு காலை எழும்பினால் வீடு ஐஸ். றேடியேற்றர் ஒன்றும் சுடவில்லை, குழாயில் சுடுதண்ணியும் இல்லை. பொயிலரின் சின்னத் திரையில் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் மினுங்கிக்கொண்டிருந்தன. லாச்சிக்குள் கிடந்த பொயிலர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணியின் வெப்பத்தை அளக்கிற சென்சரின் இணைப்பு அறுந்திருக்கிறது என்பதுதான் அந்தப் பிழைக் குறியீட்டின் (கோட்) அர்த்தம். அதாவது புத்தகமே எனக்குச் சொல்லிவிட்டது. இதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

வீட்டில் எழுபத்தெட்டு வயது மாமி, மூன்று வயதுப் பிள்ளை. வெளியில் பூச்சியத்துக்குக் கீழே. யோசிக்க நேரமில்லை. அந்த அப்பைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே ஒருவர், ஐந்து நட்சத்திரம், கீழே "தமிழ் பேசுவார்" என்று போட்டிருந்தது. அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் மற்ற ஆட்களை நான் பார்க்கவே இல்லை. வந்து பார்க்கிற காசு 80 பவுண்ஸ், அப்பிலேயே காட்டால் கட்டினேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும். சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். மாமியைக் கண்டதும், "அம்மா, நீங்கள் ஊரில எந்த இடம்?" என்று கேட்டான். மாமி சாவகச்சேரி என்றா. "எங்கட அம்மம்மாவும் அந்தப் பக்கம்தான்" என்றான். அவ்வளவுதான், மாமி எழும்பிப் போய் அவனுக்குத் தேத்தண்ணி ஊத்தினா, பயித்தம் பணியாரமும் வைத்தா. குளிரில் முழங்கால் பிடித்திருந்த மனுசி. நானும் அப்போது நினைத்தேன், நல்ல காலம், எங்கட ஆள் ஒருவர் கிடைத்தார் என்று.

மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தான். பத்து நிமிடம்கூட இல்லை. புத்தகத்தைக் காட்டி, "தம்பி, சென்சர் என்றெல்லோ இதில கிடக்கு?" என்று கேட்டேன். சிரித்தான். "அக்கா, சென்சர் எண்டா இருபது பவுண்ஸ் சாமான். அதெண்டா நான் உங்களுக்குச் சொல்லமாட்டனே? சர்க்கிட் போர்ட் போயிட்டுது. அதுதான் பிழையான கோட் காட்டுது" என்றான். அந்த "சொல்லமாட்டனே" என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். கூலியோடு சேர்த்து 400 பவுண்ஸ் என்றான். அப் வழியாகக் கட்டினால் அவங்கள் கமிஷன் வெட்டுவாங்கள், நேரே பாங்குக்குப் போட்டால் தனக்கு உதவி என்றான். மாமியும் பக்கத்தில் நின்று "போட்டு விடு பிள்ளை" என்றா. போனை எடுத்து அந்த இடத்திலேயே போட்டேன். 80உம் 400உம், 480 பவுண்ஸ்.

மின் இணைப்பை அளந்து பார்க்கிற மீற்றரை அவன் வெளியில் எடுக்கவே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் போர்ட் கொண்டுவந்து பூட்டினான். பொயிலர் பிடித்தது. பழைய போர்ட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அன்று இரவு வீடு சூடு, பிள்ளை குளித்தது, மாமி அவனுக்காகச் சாமியும் கும்பிட்டா. விடிய ஆறு மணிக்கு அதே கோட்.

போன் எடுத்தேன். "றீசெற் பண்ணுங்கோ அக்கா." பண்ணினேன், பத்து நிமிடம் ஓடி நின்றது. மறுபடி எடுத்தேன். "பிறஷர் பாருங்கோ." 1.4 என்று சரியாகத்தான் நின்றது, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பின்னேரம், "வேற வேலையில நிக்கிறன், நாளைக்கு வாறன்." நாளைக்கு வரவில்லை. புதன்கிழமை, "அது வேற பிழை அக்கா, திரும்ப வாறதெண்டா இன்னொரு 80." வியாழனிலிருந்து என் இலக்கத்தைத் தடுத்துவிட்டான். மாமியின் போனிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மாமியின் குரலைக் கேட்டதும் வெட்டினான்.

அப்காரருக்கு எழுதினேன். தாங்கள் அறிமுகப்படுத்துவது மட்டும்தானாம், 400 வெளியில் கட்டியதால் தங்கள் உத்தரவாதத்துக்குள் வராதாம். பாங்குக்கு எடுத்தேன். ஏமாந்து அனுப்பிய காசைப் பாங்குகள் திருப்பித் தரவேண்டும் என்ற விதி 2024 ஒக்டோபரில் வந்தது என்று வாசித்திருந்தேன், அதைச் சொன்னேன். ஆள் வந்திருக்கிறார், வேலையும் செய்திருக்கிறார், ஆகவே இது மோசடி அல்ல, உங்கள் இருவருக்குமிடையிலான சிவில் பிணக்கு என்று முடித்துவிட்டார்கள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு இந்தப் பதில்.

அந்தக் கிழமை முழுக்க ஒரு அறைக்குள் மின்சார ஹீற்றர் வைத்து நாலு பேரும் படுத்தோம். கேத்திலில் தண்ணி கொதிக்க வைத்துத்தான் பிள்ளையைத் துடைத்தேன்.

பிறகு கணவர் காஸ் சேஃப் றெஜிஸ்டரின் (காஸ் வேலை செய்யச் சட்டப்படி பதிந்தவர்களின் பட்டியல்) இணையத்தளத்தில் எங்கள் தபால் குறியீட்டைப் போட்டு ஒருவரைப் பிடித்தார். நேற்று வந்தார், அறுபது வயது இருக்கும். உள்ளே வந்ததும், நாங்கள் கேட்காமலே கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எந்தெந்த காஸ் வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்குமாம்.

மூடியைத் திறந்தவர் முதலில் சென்சரின் பிளக்கைத்தான் இழுத்தார். என்னைக் கூப்பிட்டு டோர்ச் அடித்துக் காட்டினார். இரண்டு சின்னப் பித்தளை ஊசி, அதைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரிப் பச்சை. மேலே ஒரு இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி கசிந்து சரியாக அந்தப் பிளக்குக்குள் இறங்கியிருக்கிறது. மீற்றரை வைத்தார். இலக்கம் ஒரு தரம் துள்ளியது, பிறகு ஒன்றும் இல்லை. புதுச் சென்சரை எடுத்து மீற்றரில் கொழுவி என் உள்ளங்கையில் வைத்தார். பொத்திப் பிடியுங்கோ என்றார். மின்தடை 14 கிலோ ஓம் என்று நின்றது, என் கைச் சூட்டுக்கு 12, 10, 8 என்று இறங்கியது. வெப்பம் ஏற ஏறத் தடை குறையும், அதை வைத்துத்தான் தண்ணி எவ்வளவு சூடு என்று பொயிலர் அறிகிறது. இணைப்பு அறுந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, பாதுகாப்புக்காக நின்றுவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை அவன் எங்களுக்குத் தரவில்லை.

அப்படியென்றால் போர்ட் மாற்றியதும் ஏன் ஓடியது என்று கேட்டேன். கழற்றிப் பூட்டும்போது பிளக் அசைந்து கொஞ்ச நேரம் தொடுப்பு வந்திருக்கும் என்றார். அவன் பூட்டிய போர்ட்டைக் காட்டினார். மூலையில் தூசி, ஸ்டிக்கரைச் சுரண்டிய அடையாளம். பாவித்த போர்ட். எங்களுடைய நல்ல போர்ட் இப்போது எந்த வீட்டில் 400 பவுண்ஸுக்குப் பூட்டுப்படுகிறதோ தெரியாது.

இதைவிடப் பெரிய விசயம், மூடியை அவன் சரியாக இறுக்கவில்லை. சுற்றியுள்ள றப்பர் சீல் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. நேற்று வந்தவர் அதைச் சரியாக்கி, புகைவாயுவை அளந்து பார்த்த பிறகுதான் பொயிலரை ஓடவிட்டார். சுவருக்கு அங்கால் மாமியும் பிள்ளையும் படுக்கிற அறை. சீல் சரியில்லாவிட்டால் பொயிலரின் புகை வீட்டுக்குள் வரலாம், அதிலுள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. காசு போனால் போகட்டும், இதை நான் மறக்கமாட்டேன்.

கசிவை நிறுத்தி, சென்சரும் பிளக்கும் மாற்றி, எல்லாம் சேர்த்து 130 பவுண்ஸ். அதில் சென்சர் 18. நான் கொடுத்தது 480.

என்ன செய்யவேண்டும் என்று விபரமாக எழுதத்தான் தொடங்கினேன், பிள்ளை எழும்பிவிட்டது. அவசரமாகச் சொல்கிறேன். காஸ் பொயிலரில் கைவைக்க முதல் காஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கோ, அந்த இலக்கத்தை அவர்களின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கோ. நான் பிறகு தேடினேன், அவன் சொன்ன பெயரில் அங்கே ஒருவரும் இல்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சென்சர் கோட் வந்தால் மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கோ. கழற்றிய சாமானை வாங்கி வையுங்கோ. பாங்குக்கு நேரே காசு போடவே வேண்டாம், 100 பவுண்ஸுக்கு மேல் என்றால் கிரெடிட் காட், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் காட் கம்பனியிடம் காசைத் திருப்பிக் கேட்கலாம். பில்லும் முகவரியும் வாங்குங்கோ. அவனுடைய முகவரி என்னிடம் இல்லாததால் சிறுகோரிக்கை வழக்குக்கூடப் போட முடியாமல் நிற்கிறேன்.

அந்த அப்பில் நான் எழுதிய விமர்சனம் இன்னும் "பரிசீலனையில்" என்றுதான் கிடக்கிறது. இன்று காலையும் பார்த்தேன், அவனுக்கு ஐந்து நட்சத்திரம், கீழே "தமிழ் பேசுவார்".